நினைவு மங்கிவரும் பெரியவருக்கு ஜிபிஎஸ் கருவி: வாங்குவது முதல் தேடுவது வரை

டிமென்ஷியா என்று மருத்துவர் சொன்ன பிறகு வீட்டில் எழும் முதல் கேள்விகளில் ஒன்று, "இனிமேல் தனியா வெளிய விடலாமா?" என்பது. பல வீடுகளில் கேட்டுக்குப் பூட்டுப் போடுவதே பதிலாகிவிடுகிறது. முப்பது வருஷம் காலையில் பால் வாங்கப் போனவரை ஒரே நாளில் உள்ளே உட்காரவைத்தால் அவர் இன்னும் வேகமாகத் தளர்ந்துபோவார். அதோடு, கதவு திறந்துகிடக்கும் நேரம் பார்த்து வெளியேறவும் செய்வார். அவர் இருக்கும் இடத்தை உங்கள் போனில் காட்டும் ஜிபிஎஸ் கருவியை வாங்குவது அவர் நடை நிற்காமல் இருக்கத்தான். அந்த எண்ணத்தோடு வாங்கினால்தான் எதை வாங்குவது, எப்படி அமைப்பது என்ற மற்ற முடிவுகளும் சரியாக வரும்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023இல் வெளியான லாசி-டாட் என்ற நாடு தழுவிய முதியோர் ஆய்வு மதிப்பிட்டது. டிமென்ஷியா உள்ள பத்துப் பேரில் ஆறு பேர் ஒருமுறையாவது வழி தவறுகிறார்கள் என்கிறது அமெரிக்காவின் அல்சைமர்ஸ் அசோசியேஷன். இதில் ஆச்சரியம் இல்லை. டிமென்ஷியாவுக்கு முக்கியக் காரணமான அல்சைமர் நோய் முதலில் தாக்கும் மூளைப் பகுதிகள் ஹிப்போகேம்பஸும் அதையொட்டிய என்டோரைனல் புறணியும். நாம் எங்கே நிற்கிறோம், எந்தப் பக்கம் திரும்பினால் வீடு வரும் என்று கணக்குப் போடும் செல்கள் இருப்பதும் அங்கேதான் (அவற்றைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2014இல் நோபல் பரிசு கிடைத்தது). ஆகவே பேச்சும் பழகும் விதமும் நன்றாக இருக்கும்போதே திசையறிவு போய்விடலாம். "அப்பா நல்லாத்தானே பேசுறாரு" என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

முதலில் உடம்பில் எங்கே இருக்கும் என்று முடிவு செய்யுங்கள்

கடைக்குப் போகும் முன், கருவியின் வசதிகளைப் படிக்கும் முன், அந்தப் பெரியவர் வெளியே போகும்போது தவறாமல் உடம்பில் இருக்கும் பொருள் எது என்று ஒரு வாரம் கவனியுங்கள். கருவி அதில்தான் இருக்க வேண்டும்.

வேலைக்குப் போன காலத்திலிருந்து இடது கையில் வாட்ச் கட்டிப் பழகியவருக்கு ஜிபிஎஸ் வாட்ச் சரிப்படும். பழைய வாட்ச் கட்டிய அதே கையில், முடிந்தால் முட்கள் உள்ள கடிகார முகப்போடு கட்டுங்கள். வாழ்நாளில் வாட்ச் கட்டாதவருக்குக் கட்டினால் அரை மணி நேரத்தில் கழற்றி ஜன்னலில் வைத்துவிடுவார். அப்படிப்பட்டவருக்குத் தீப்பெட்டி அளவில் வரும் டிராக்கர் (பையில் வைக்கும் ஜிபிஎஸ் கருவி) நல்லது. வேட்டி கட்டுபவரென்றால் வேட்டிக்கு மேல் கட்டும் பச்சை பெல்ட்டின் பையில் வையுங்கள். சுருக்குப்பை இல்லாமல் வாசல் தாண்டாத அம்மாவுக்கு அந்தச் சுருக்குப்பையின் உள்தையலில் வையுங்கள். சங்கிலி போட்டுப் பழகியவருக்குப் பதக்கம் போல் கழுத்தில் தொங்குவது பொருந்தும். ஆனால் பேஸ்மேக்கர் வைத்தவருக்குக் காந்தப் பிடிப்புள்ள பதக்கமோ காந்த சார்ஜரோ மார்பிலிருந்து 15 செ.மீ. தள்ளியே இருக்க வேண்டும்.

செருப்புக்குள் வைக்கும் ஜிபிஎஸ் இன்சோல் அமெரிக்காவில் விற்பனையில் உண்டு. எப்போதும் ஷூ போடுகிறவர்களுக்கு அது நல்ல யோசனை. நம் பெரியவர்கள் செருப்பை வாசலில் கழற்றுகிறார்கள், கோயிலில் கழற்றுகிறார்கள், பதற்றத்தில் வெளியேறும்போது வெறுங்காலோடே போய்விடுகிறார்கள். அதில் பணம் போட வேண்டாம்.

எந்த வகைக் கருவி

இரண்டு வகையைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பணம் வீணாகிறது.

ஆப்பிளின் ஏர்டேக் போன்ற ப்ளூடூத் டேக்கில் (சாவிக்கொத்தில் மாட்டும் சிறு வில்லை) ஜிபிஎஸ்ஸும் இல்லை, சிம்மும் இல்லை. பக்கத்தில் கடந்துபோகும் யாரோ ஒருவரின் போன் அதன் சிக்னலைப் பிடித்து, தன் இருப்பிடத்தைச் சேர்த்து அனுப்பினால்தான் உங்களுக்குத் தெரியும். ஏர்டேக்குக்கு அந்தப் போன் ஆப்பிள் போனாக இருக்க வேண்டும். தி.நகரில் நொடிக்கொரு ஐபோன் கடக்கும். ஆண்ட்ராய்டே நிறைந்த சிற்றூரில் மணிக்கணக்கில் ஒன்றும் வராது. ஆண்ட்ராய்டு டேக்குகளுக்கான கூகுள் வலையமைப்பு 2024இல் வந்தது. அதிலும் போன்களின் இயல்பான அமைப்பு, ஆள் நடமாட்டம் அதிகமுள்ள இடங்களில் மட்டும் பங்கெடுப்பதாக இருக்கிறது. ஆளில்லாத ஏரிக்கரையில் நிற்பவரை அது காட்டாது. இன்னொன்று, பெரியவர் கையில் ஐபோன் இருந்தால், "உங்களோடு தெரியாத ஏர்டேக் ஒன்று நகர்கிறது" என்று அவருக்கே எச்சரிக்கை போகும். சொந்தக்காரரின் போனிலிருந்து பல மணி நேரம் பிரிந்திருந்தால் டேக்கும் ஒலி எழுப்பும். சாவிக்கொத்துக்கும் பைக்கும் நல்ல பொருள். மனிதரைத் தேட அதை மட்டும் நம்பக் கூடாது.

நமக்கு வேண்டியது சிம் போடக்கூடிய ஜிபிஎஸ் கருவி. வாங்கும்போது விற்பவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்: 4ஜி வோல்ட்டி (4ஜி வழியாகவே குரல் அழைப்பு) இருக்கிறதா, எஸ்ஓஎஸ் (அவசர உதவி) பொத்தான் தனியாகத் துருத்திக்கொண்டு இருக்கிறதா, குறிப்பிட்ட எண்ணிலிருந்து வரும் அழைப்பைத் தானாக எடுக்குமா, பட்டியலில் இல்லாத எண்களைத் தடுக்குமா, வாரை எளிதில் கழற்ற முடியாதபடி பூட்டு உண்டா, தண்ணீர் தாங்கும் ஐபி67 தரமா. தானாக அழைப்பை எடுக்கும் வசதி இல்லாததை வாங்கவே வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் அங்கேயே நல்ல கருவியாகப் பார்த்து வாங்கி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. அமெரிக்காவில் விற்கும் முதியோர் வாட்ச்களில் பல, அங்குள்ள நிறுவனத்தின் மாதச் சந்தாவோடு கட்டப்பட்டவை; இந்திய சிம்மை ஏற்காது. ஏற்றாலும், ஜியோவும் ஏர்டெல்லும் இங்கே பயன்படுத்தும் 4ஜி அலைவரிசைகள் அந்தக் கருவியில் இல்லாவிட்டால் சிக்னல் கிடைக்காது. கருவியை இங்கேயே வாங்குங்கள். அனுப்ப நினைக்கும் பணத்தை அனுப்புங்கள்.

சிம்

கருவி வேலை செய்யாததற்குக் காரணம் தேடினால் பெரும்பாலும் சிம்மில்தான் வந்து நிற்கும்.

ஜியோ 4ஜி, 5ஜியில் மட்டுமே இயங்குகிறது. மலிவாகக் கிடைக்கும் 2ஜி டிராக்கரில் ஜியோ சிம் போட்டால் அது உயிர்பெறாது. 4ஜி கருவியிலும் வோல்ட்டி இல்லாவிட்டால் ஜியோவில் இருப்பிடம் வரும், குரல் அழைப்பு வராது. எந்த நிறுவனம் என்பதை விளம்பரம் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பெரியவர் நடக்கும் தெருக்களில் எது நன்றாக எடுக்கிறது என்று உங்கள் போனில் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சிம்மை உங்கள் பெயரில் வாங்குங்கள். முதலில் ஒரு சாதாரண போனில் போட்டு, ஒரு அழைப்பு, ஒரு எஸ்எம்எஸ், கொஞ்சம் டேட்டா மூன்றும் ஓடுகிறதா என்று பாருங்கள். சிம்மில் பின் (ரகசிய எண்) பூட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். கருவியில் அந்த எண்ணைப் போட இடமிருக்காது. 1909க்குத் தகவல் அனுப்பி விளம்பர அழைப்புகளை நிறுத்துங்கள். பிறகு கருவியில் போட்டு, டேட்டா வராவிட்டால் ஏபிஎன் (சிம் நிறுவனத்தின் இணைய இணைப்புக்கான அமைப்பு) பெயரைச் சரிபாருங்கள். மலிவுக் கருவிகள் இதைத் தாமாகக் கண்டுபிடிக்காமல் போவது உண்டு. ரீசார்ஜ் முடியும் தேதியை வீட்டில் இரண்டு பேரின் காலண்டரில் நினைவூட்டலாகப் போடுங்கள். ஒருவர் மட்டும் வைத்துக்கொண்டால் அவர் ஊருக்குப் போன வாரத்தில்தான் சிம் காலாவதியாகும்.

அமைப்பது

சிம் போட்டு, முழுதாக சார்ஜ் ஏற்றி, மொட்டை மாடியில் திறந்த வானத்தின் கீழ் கால் மணி நேரம் வையுங்கள். புதிய கருவிக்குச் செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கின்றன என்ற விவரம் எதுவும் தெரியாது. அதை வானத்திலிருந்து இறக்கிக்கொள்ள நேரம் வேண்டும். குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தெரிந்தால்தான் இடத்தைக் கணக்கிட முடியும். கூடத்தில் உட்கார்ந்து "காட்டவே இல்லையே" என்று திருப்பிக் கொடுக்கப்பட்ட நல்ல கருவிகள் ஏராளம்.

அடுத்து, கருவிக்காக உங்கள் போனில் போடும் ஆப். முதல் வேலையாக, கருவியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள். பல மலிவு வாட்ச்களில் அது 123456. கருவியின் சிம் எண்ணும் இந்தக் கடவுச்சொல்லும் தெரிந்த யாரும் எஸ்எம்எஸ் மூலமே கருவியை ஆட்டிவைக்கலாம். 2020இல் பென் டெஸ்ட் பார்ட்னர்ஸ் என்ற பிரிட்டன் பாதுகாப்பு நிறுவனம், இத்தகைய வாட்ச்கள் பலவற்றுக்குப் பின்னால் இருக்கும் செட்ராக்கர் சேவையில் ஓட்டை இருப்பதைக் காட்டியது. டிமென்ஷியா உள்ளவரின் வாட்ச்சுக்கு வெளியாள் ஒருவர் "மாத்திரை சாப்பிடுங்கள்" என்ற நினைவூட்டலைத் திரும்பத் திரும்ப அனுப்பியிருக்க முடியும். அந்த ஓட்டை பின்னர் அடைக்கப்பட்டது. ஆனாலும் மாத்திரை நினைவூட்டலை இந்த வாட்ச்சில் வைக்காதீர்கள். சாப்பிட்டதை மறந்து மீண்டும் சாப்பிடும் ஆபத்து ஏற்கெனவே இருக்கிறது.

ஒட்டுக்கேட்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். பெரியவருக்கே தெரியாமல் அவரைச் சுற்றி நடக்கும் பேச்சைக் கேட்கவிடும் வசதி அது. இதற்காகவே குழந்தைகளின் ஸ்மார்ட்வாட்ச்களை ஜெர்மனி 2017இல் தடை செய்தது. நம் வீட்டுப் பெரியவருக்கும் அந்த மரியாதை உண்டு.

தொடர்பு எண்கள் மூன்று போதும். எஸ்ஓஎஸ் அழுத்தினால் முதலில் போகும் எண், அந்த ஊரிலேயே இருப்பவருடையதாக இருக்கட்டும். சிங்கப்பூரில் இருக்கும் மூத்த மகன் முதல் எண்ணாகவும் பக்கத்துத் தெருத் தங்கை மூன்றாவது எண்ணாகவும் இருப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். அழைப்பு வரும்போது ஐந்து நிமிடத்தில் கிளம்பக்கூடியவர் யாரோ அவர்தான் முதல் எண்.

இருப்பிடம் அனுப்பும் இடைவெளியைப் பத்து நிமிடமாக வையுங்கள். ஒரு நிமிடமாக வைத்தால் மாலைக்குள் பேட்டரி தீர்ந்துவிடும். ஒரு மணி நேரமாக வைத்தால் பயனில்லை. நிதானமாக நடப்பவர் மணிக்கு 3 கி.மீ. போவார், பத்து நிமிடத்தில் அரை கிலோமீட்டர். அந்த வட்டத்துக்குள் தேட முடியும். தேடும் நேரத்தில் மட்டும் ஆப்பில் ஒரு நிமிடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அந்தப் புள்ளியைப் படிக்கத் தெரிய வேண்டும்

மிகவும் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. ஆப்பைத் திறந்தால் வரைபடத்தில் ஒரு புள்ளி தெரியும். எல்லோரும் அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டு ஓடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது அதன் அருகே சின்ன எழுத்தில் இருக்கும் நேரத்தை. இப்போது மணி 5.40, புள்ளிக்குப் பக்கத்தில் 4.55 என்று இருந்தால், அவர் முக்கால் மணி நேரத்துக்கு முன் அங்கே இருந்தார் என்றுதான் பொருள்.

அடுத்து, புள்ளி எதிலிருந்து வந்தது என்று பாருங்கள். ஜிபிஎஸ் என்றிருந்தால் திறந்த வெளியில் 5 முதல் 10 மீட்டர் வரை துல்லியம். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் தெறித்து வருவதால் பக்கத்துத் தெருவைக் காட்டலாம். வைஃபை என்றிருந்தால், சுற்றியுள்ள வீடுகளின் ரவுட்டர்களை வைத்துக் கணித்தது. பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனால் யாரோ மதுரையிலிருந்து வீடு மாறி வரும்போது பழைய ரவுட்டரையும் கொண்டுவந்திருந்தால், சென்னையில் நிற்பவரை மதுரையில் நிற்பதாகக் காட்டிவிடும். திடீரென்று நூறு கிலோமீட்டர் தாவினால் கருவி பழுதென்று நினைக்க வேண்டாம். அடுத்த புள்ளி வரட்டும். எல்பிஎஸ் என்றிருந்தால் அது செல்போன் டவரின் கணக்கு. நகரத்தில் சில நூறு மீட்டர், கிராமத்தில் சில கிலோமீட்டர் வரை தவறலாம். அது காட்டும் இடத்துக்குப் போய் "ஆள் இல்லை" என்று திரும்பிவிடாதீர்கள். அந்தப் பகுதி முழுவதையும் தேட வேண்டும் என்பதுதான் அதன் பொருள்.

இதையெல்லாம் ஆபத்து வரும் நாளில் கற்றுக்கொள்ள முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கருவியை நீங்களே கட்டிக்கொண்டு அவர் வழக்கமாகப் போகும் பாதையில் நடங்கள். வீட்டில் ஒருவர் ஆப்பைப் பார்க்கட்டும். பால்கடை, கோயில், பூங்கா, பேருந்து நிறுத்தம் என ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம் நின்று, ஆப்பில் எப்போது, எந்த வகையில், எவ்வளவு தள்ளிக் காட்டியது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பேருந்து ஓடும் சாலையோரம் நின்று அழைத்துப் பாருங்கள், ஒலிபெருக்கி கேட்கிறதா என்று. வாட்ச்களின் ஸ்பீக்கர் சிறியது. காது மந்தமானவருக்குச் சாலையில் கேட்காமல் போகலாம். அப்படியிருந்தால் கருவியை மாற்றுவதே நல்லது.

வேலி

வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து, அதைத் தாண்டினால் எச்சரிக்கை வரும்படி வைக்கலாம். ஐம்பது மீட்டர் வைத்தால் பாதுகாப்பு அதிகம் என்று தோன்றும். நடப்பது வேறு: அவர் கட்டிலில் படுத்திருக்கும்போதே, கூரைக்குக் கீழே ஜிபிஎஸ் தடுமாறி, "வெளியேறிவிட்டார்" என்று இரவு இரண்டு மணிக்கு ஒலிக்கும். நான்கு நாளில் எல்லோரும் அறிவிப்பை அணைத்துவிடுவார்கள். ஐந்தாம் நாள் அவர் உண்மையாகவே போவார். 250 முதல் 300 மீட்டரில் தொடங்குங்கள். தினமும் போகும் கோயில் அதற்கு வெளியே இருந்தால் வட்டத்தைப் பெரிதாக்க வேண்டாம். கோயிலுக்குத் தனி வட்டம் போடுங்கள்.

வேலி எச்சரிக்கை அவர் போன பிறகுதான் வரும். வாசலைத் தாண்டும் நொடியைச் சொல்ல, கதவில் ஒட்டும் காந்த அலாரம் ஒன்று தேவை. அதன் விலை மிகக் குறைவு. கதவு திறந்ததும் ஒலிக்கும். மிரளவைக்கும் சைரன் வேண்டாம். காலிங்பெல் மாதிரி மெல்லிய ஒலியுள்ளதாக வாங்குங்கள்.

சார்ஜும் தோலும்

சார்ஜ் போடும் நேரத்தை அவரது அன்றாட வேலை ஒன்றோடு கட்டிவிடுங்கள். காலைக் குளியல் நல்ல நேரம்: கழற்றி சார்ஜில் போட்டு, குளித்துச் சாப்பிட்டு முடித்ததும் திரும்பக் கட்டுங்கள். மாலையில் வேண்டவே வேண்டாம். பொழுது சாயும் நேரத்தில் டிமென்ஷியா உள்ளவர்களுக்குப் பதற்றம் கூடி, "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்புவது பலரிடம் உண்டு. வீட்டில் இருந்துகொண்டேதான் அப்படிச் சொல்வார்கள். அந்த நேரத்தில் கருவி சுவரில் தொங்கக் கூடாது.

ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். அந்தக் கணக்கு குளிர்ந்த நல்ல தண்ணீருக்கு. வெந்நீர், சோப்பு, எண்ணெய்க் குளியல் மூன்றும் அந்தச் சோதனையில் இல்லை. நம் ஊர் வியர்வையில் சார்ஜ் முனைகளில் பச்சை படிந்து, சார்ஜ் ஏறுவது போல் காட்டி ஏறாமல் நிற்கும். வாரம் ஒருமுறை காய்ந்த துணியால் துடையுங்கள். முதியவர்களின் தோல் மெல்லியது. வாருக்கும் கைக்கும் இடையே ஒரு விரல் நுழையும் அளவு தளர்வாக இருக்கட்டும். சிவந்தாலோ அரித்தாலோ கை மாற்றிக் கட்டுங்கள். அரிப்பால் கழற்றி எறிந்தவர் மறுபடி கட்டிக்கொள்ள மாட்டார்.

அவருக்குச் சொல்லிக்கொடுப்பது

சொல்லாமல் கட்டாதீர்கள். ஆரம்ப கட்டத்தில் அவருக்கு நன்றாகப் புரியும். "நீங்க வழக்கம்போல போயிட்டு வாங்கப்பா. வழி தெரியலைன்னா இதை அழுத்துங்க, நான் வந்துடறேன்" என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். "நீங்க தொலைஞ்சு போயிடறீங்க, அதனால கட்டுறோம்" என்றால் அன்றே சண்டை.

எஸ்ஓஎஸ் பொத்தானைப் பழக்க, இடைவெளி விட்டு நினைவூட்டும் முறை உதவும். டிமென்ஷியா பராமரிப்பில் நன்கு சோதிக்கப்பட்ட முறை இது. "வழி தெரியலைன்னா என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். அவர் பொத்தானை அழுத்திக் காட்ட வேண்டும். ஒரு நிமிடம் கழித்துக் கேளுங்கள். பிறகு இரண்டு, நான்கு, எட்டு நிமிடம். நடுவில் வேறு ஏதாவது பேசிக்கொண்டிருங்கள். தவறினால், "யோசிச்சுப் பாருங்க" என்று திணறவைக்காமல் உடனே சரியானதைச் சொல்லி, செய்யவைத்து, கடைசியாகச் சரியாகச் சொன்ன இடைவெளிக்குத் திரும்பிப் போங்கள். கேள்வியின் சொற்களை மாற்றாதீர்கள். வீட்டில் எல்லோரும் அதே கேள்வியைக் கேளுங்கள்.

போனை இன்னும் நன்றாகக் கையாளுகிறவர்களுக்கு இன்னொன்று செய்து கொடுக்கலாம். ஆண்ட்ராய்டு முகப்புத் திரையில் விரலை அழுத்திப் பிடித்து, விட்ஜெட் பட்டியலில் கூகுள் மேப்ஸின் வழிகாட்டி விட்ஜெட்டை எடுத்து, நடைப் பயணத்தைத் தேர்ந்து, வீட்டு முகவரி கொடுத்து, "வீடு" என்று பெயரிடுங்கள். குரலைத் தமிழுக்கு மாற்றுங்கள். ஒரு தொடுதலில் வழி சொல்லத் தொடங்கும். "200 மீட்டரில் இடதுபுறம்" என்பது சிலருக்குப் பிடிபடாது. நின்று நின்று திரையைப் பார்த்துக் குழம்புகிறார் என்றால் அந்த விட்ஜெட்டை எடுத்துவிட்டு, அதே இடத்தில் உங்கள் எண்ணை அழைக்கும் குறுக்குவழியை வையுங்கள்.

மின்சாரம் தேவைப்படாத ஒன்று

கருவியோடு கூடவே, பேட்டரி வேண்டாத ஒரு அடையாளமும் உடம்பில் இருக்கட்டும். எவர்சில்வர் அல்லது வெள்ளித் தகட்டில் "ஞாபக மறதி உண்டு. அழைக்கவும்" என்றும், பெரிய எழுத்தில் இரண்டு போன் எண்களும் பொறித்துச் சங்கிலியிலோ அரைஞாண் கயிற்றிலோ கட்டுங்கள். வீட்டு முகவரி வேண்டாம். ஜப்பானில் இருமா நகராட்சி 2016இல் விரல் நகத்தில் ஒட்டும் சிறிய கியூஆர் ஸ்டிக்கரைக் கொடுக்கத் தொடங்கியது. ஒரு சென்டிமீட்டர் அகலம், சுமார் இரண்டு வாரம் நிற்கும். நல்ல யோசனைதான். நம் தெருவில் உதவிக்கு வருபவர் பூக்கார அம்மாவாகவோ ஆட்டோ ஓட்டுநராகவோ இருப்பார். ஸ்கேன் செய்ய யோசிப்பார், எண்ணைப் பார்த்தால் உடனே அழைப்பார்.

எச்சரிக்கை வந்ததும்

யார் என்ன செய்வது என்று முன்கூட்டியே பேசி வைத்திருங்கள். ஒருவர் வீட்டிலேயே இருக்க வேண்டும், பெரியவர் தானாகத் திரும்பி வரலாம். ஒருவர் கிளம்ப வேண்டும். ஒருவர் ஆப்பையும் போனையும் பார்க்க வேண்டும்.

கிளம்பும் முன் இரண்டு நிமிடம் வீட்டைப் பாருங்கள்: குளியலறை, மொட்டை மாடி, மாடிப்படிக்குக் கீழே, நிறுத்திய கார், கிணறு, தொட்டி. பிறகு கருவியை அழையுங்கள். தானாக எடுக்கும் வசதியை வலியுறுத்தியது இதற்காகத்தான்: மணி அடிக்கும்போது எந்தப் பொத்தானை அழுத்துவது என்று அவருக்குத் தெரியாது. "எங்க இருக்கீங்க?" என்று கேட்காதீர்கள், அது தெரியாததால்தான் நிற்கிறார், கேட்டால் பயம் கூடும். "அப்பா, நான்தான். பக்கத்துல எங்கயாவது நிழல்ல உட்காருங்க. எதிர்ல என்ன கடை இருக்கு?" என்று கேளுங்கள். இன்னும் நல்லது: "பக்கத்துல இருக்கறவங்ககிட்ட வாட்ச்சைக் காட்டுங்க, நான் பேசறேன்." கடைக்காரரிடம் பேசிவிட்டால் பாதித் தேடல் முடிந்தது.

அழைப்பு போகவில்லையா, புள்ளி பழையதா? கால் மணி நேரத்துக்கு மேல் காத்திருக்காமல் 112ஐ அழையுங்கள். இருபத்துநாலு மணி நேரம் கழித்துத்தான் புகார் எடுப்பார்கள் என்பது வெறும் பேச்சு. அப்படி ஒரு விதி இல்லை. மூத்த குடிமக்கள் உதவி எண் 14567இலும் சொல்லுங்கள். காவல் நிலையத்துக்குக் கொடுக்க ஒரு பக்கத் தாள் முன்பே தயாராக இருக்கட்டும். பிரிட்டனில் ஹெர்பர்ட் புரோட்டோகால் என்ற பெயரில் காவல்துறையே இப்படி ஒரு படிவத்தை வைத்திருக்கிறது. டிமென்ஷியாவோடு வாழ்ந்த ஜார்ஜ் ஹெர்பர்ட் என்ற முன்னாள் படைவீரரின் பெயர் அதற்கு. தாளில் எழுத வேண்டியவை: அண்மைப் படம், உயரம், அடையாளத் தழும்பு, பேசும் மொழி, மருந்துகள், எந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்புவார், பழைய வீடுகள், பழைய வேலையிடம், முன்பு போய்வந்த பேருந்து எண். காலையில் உடை மாற்றியதும் போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள். என்ன நிறச் சட்டை என்ற கேள்விக்குப் பதற்றத்தில் நான்கு பேர் நான்கு பதில் சொல்வார்கள்.

டிமென்ஷியா உள்ளவர் வழி தவறினால் பெரும்பாலும் ஒரு திசையில் தடுக்கும்வரை நடந்துகொண்டே போவார். புதர், வாய்க்கால், சுவர் இடுக்கு போன்றவற்றில் சிக்கி நிற்பார். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் குரல் கொடுக்காமல் இருக்கலாம். ஆகவே கூப்பிட்டுக்கொண்டே சாலையில் போனால் போதாது. ஓரங்களை, மறைவுகளை நேரில் பாருங்கள். பேருந்தையும் மறக்க வேண்டாம். தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கையில் காசில்லாத அம்மா வெகுதூரம் போயிருக்க மாட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். பத்து நிமிடத்தில் புள்ளி மூன்று, நான்கு கிலோமீட்டர் தாவினால், அந்தத் தடத்தின் கடைசி நிறுத்தத்துக்கு ஒருவரை அனுப்புங்கள்.

எப்போது தனியாக விடுவதை நிறுத்துவது

கருவி அவர் இருக்கும் இடத்தைச் சொல்லும். எதிரே வரும் லாரியை நிறுத்தாது. சாலையைக் கடக்கும்போது இரு பக்கமும் பார்க்காமல் இறங்குகிறார், எஸ்ஓஎஸ் அழைப்பில் உங்கள் குரல் கேட்டும் யாரென்று தெரியவில்லை, வாட்ச்சைத் தெரியாத பொருளாகப் பார்த்துக் கழற்றுகிறார், பழகிய பாதையிலேயே ஒரு மாதத்தில் இரண்டுமுறை தடுமாறிவிட்டார்: இவற்றில் ஒன்று நடந்தாலும் அடுத்த நடைக்கு யாராவது கூடப் போக வேண்டும். நடையை நிறுத்த வேண்டியதில்லை; அதே நேரம், அதே பால்கடை, பக்கத்தில் ஒருவர். கருவியையும் கழற்ற வேண்டாம். தேர்த் திருவிழாவிலும் பேருந்து நிலையத்திலும் கூட வந்தவரின் கையிலிருந்து நழுவிப்போக அரை நிமிடம் போதும்.